திருத்துறைப்பூண்டியிலிருந்து இங்கிலாந்து: நம் ஊர் லைசென்ஸ் அங்கே செல்லுமா?

முள்ளியாற்றுக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், தஞ்சாவூரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்தில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது, வீட்டில் சம்பா அறுவடை முடிந்ததும் பிப்ரவரியில் கிளம்புகிறேன். நான் போகிற ஊர் சின்ன ஊராம், நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்தில் பஸ் கிடையாது, கார் இல்லாமல் சிரமம் என்று அங்கே இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு கார் ஓட்டத் தெரியும், சும்மா லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கிற ஆள் இல்லை. 2018-இல் திருவாரூரில் எடுத்த லைசென்ஸ், அப்பாவின் பழைய ஆல்டோவை வேதாரண்யத்துக்கும் தஞ்சாவூருக்கும் நானேதான் ஓட்டிப் போவேன். பிரச்சினை என்னவென்றால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஏஜென்சியில் கேட்டால் "இந்திய லைசென்ஸ் செல்லும், கவலையே வேண்டாம்" என்கிறார்கள். கூட வேலை பார்த்த ஒரு அக்கா "செல்லவே செல்லாது, முதலிலிருந்து எல் போர்டு மாட்டணும்" என்கிறார். இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிக்கொண்டு போனால் போதும் என்று சித்தப்பா. யார் சொல்வது சரி? கிளம்புவதற்கு முன் இங்கேயே முடிக்க வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, லைசென்ஸில் வெறும் இனிஷியல்தான். அதனால் வம்பு வருமா?

குடமுருட்டிக்காரன்:

தங்கச்சி, வாழ்த்துகள். நமக்குப் பாபநாசம், இப்போது இருப்பது லெஸ்டர். ஏஜென்சி சொன்னதிலும் பாதி சரி, அந்த அக்கா சொன்னதிலும் பாதி சரி, அதுதான் குழப்பத்துக்கே காரணம்.

நீங்கள் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதத்துக்கு இந்திய லைசென்ஸை வைத்தே கார் ஓட்டலாம். எல் போர்டு வேண்டாம், பக்கத்தில் ஆள் வேண்டாம், தனியாகவே ஓட்டலாம். லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், அதில் கார் ஓட்டும் அனுமதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். 12 மாதம் முடிந்த மறுநாள் அந்த அட்டைக்கு அங்கே மதிப்பில்லை. அதன் பிறகு கையில் பிரிட்டிஷ் லைசென்ஸ் இல்லையென்றால் நீங்கள் கற்றுக்குட்டிதான்: எல் போர்டு மாட்ட வேண்டும், 21 வயதுக்கு மேற்பட்ட, லைசென்ஸ் எடுத்து மூன்று வருடமாவது ஆன ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நைட் ஷிஃப்டுக்குத் தினமும் யாரைக் கூட்டிக்கொண்டு போவீர்கள்?

சில நாட்டு லைசென்ஸைக் கொடுத்துவிட்டு நேராகப் பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியா இல்லை. அதனால் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் சரி, புரொவிஷனல் (கற்றுக்கொள்கிறவர்களுக்கான லைசென்ஸ்) வாங்கி, தியரி எழுதி, ரோட்டில் ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். புரொவிஷனலுக்கு ஆன்லைனில் 34 பவுண்ட், தியரிக்கு 23, ரோடு டெஸ்டுக்கு வார நாளில் 62, சனி ஞாயிறிலும் மாலையிலும் 75. எல்லாவற்றையும் அரசாங்கத்தின் சொந்த இணையதளத்திலேயே செய்யுங்கள். கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்பது பெரும்பாலும் இடைத்தரகர்கள், அதே வேலைக்கு இரண்டு மடங்கு வாங்குவார்கள்.

இன்டர்நேஷனல் பெர்மிட் இங்கே கட்டாயம் இல்லை, நம் லைசென்ஸ் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. வாடகைக் கார் எடுக்கும்போது சில கம்பெனிகள் கேட்பார்கள், மற்றபடி அது கையில் இருந்தாலும் அந்த 12 மாதம் ஒரு நாள்கூட நீளாது. சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

மன்னை மைந்தன்:

12 மாசம் சும்மா ஓட்டலாம் என்றால் அப்புறம் என்ன அவசரம்? போனவுடன் வேலை, வீடு, குளிர் என்று ஆயிரம் இருக்கும். பத்தாவது மாசம் பார்த்துக்கொள்ளலாம். என் மச்சான் அப்படித்தான் இருக்கிறார், நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

குடமுருட்டிக்காரன்:

மைந்தன் தம்பி, இந்த யோசனையால்தான் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தியரி தேறினால்தான் ரோடு டெஸ்டுக்குத் தேதி வாங்கவே முடியும். அந்தத் தேதி நினைத்த வாரத்தில் கிடைக்காது, பல ஊர்களில் ஐந்து ஆறு மாதம் தள்ளித்தான் காட்டும். பிப்ரவரியில் இறங்கி, மார்ச்சில் புரொவிஷனல், ஏப்ரலில் தியரி என்று மளமளவென்று போனாலே ரோடு டெஸ்ட் செப்டம்பர், அக்டோபர். அதில் தேறவில்லை என்றால் மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டும், அடுத்த தேதி வருவதற்குள் 12 மாதம் முடிந்திருக்கும். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் டெஸ்டுக்குப் போகிறவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்கள்தான் தேறுகிறார்கள், அதில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அடக்கம். பத்தாவது மாதம் ஆரம்பித்தால் நடக்காது. உங்கள் மச்சான் எத்தனையாவது மாதத்தில் இருக்கிறார் என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

கெடு தாண்டி ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம் மட்டும் இல்லை, இன்சூரன்ஸும் செல்லாமல் போகும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பாயிண்ட். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்தே பிடித்துவிடும், ஓரம் கட்டிப் பேசி முடித்துக்கொள்ளும் வேலை எல்லாம் இங்கே இல்லை.

கூத்தாநல்லூரான்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். யுகே ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றுதான் சொல்வேன். துபாயில் ரெசிடென்ட் விசா அடித்துவிட்டால் இந்திய லைசென்ஸோடு ஒரு நாள்கூட வண்டியைத் தொடக் கூடாது, இன்டர்நேஷனல் பெர்மிட் எல்லாம் விசிட்டில் வருகிறவர்களுக்குத்தான். டிரைவிங் ஸ்கூலில் ஃபைல் திறந்து, கண் டெஸ்ட், கிளாஸ், தியரி, பார்க்கிங் டெஸ்ட், ரோடு டெஸ்ட் என்று எல்லாம் உண்டு. ஊர் லைசென்ஸ் பழையதாக இருந்தால் கிளாஸ் மணிநேரத்தைக் குறைப்பார்கள். தியரியைத் தமிழிலேயே எழுதலாம், அது ஒரு நிம்மதி. ஆனால் ஸ்டியரிங் இடது பக்கம், ரோட்டில் வலது பக்கம் போகணும், நம் கை முதலில் வைப்பரைத்தான் போடும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "வெளிநாட்டில் இப்படித்தான்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் எந்த நாடு என்று கேளுங்கள் தங்கச்சி. நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் சித்தப்பா வளைகுடாவுக்கு விசிட்டில் போய் வந்தவராக இருப்பார் என்று நினைக்கிறேன்.

முள்ளியாற்றுக்கரை:

பாய், சரியாகச் சொன்னீர்கள், சித்தப்பா மஸ்கட்டுக்குப் போய் வந்தவர்தான்!

குடமுருட்டி அண்ணா, ரொம்ப நன்றி. இங்கிலாந்தில் தியரி தமிழில் உண்டா? அப்புறம் அந்த வீடியோ டெஸ்ட் ஒன்று இருக்கிறதாமே, அது என்ன? ரோடு டெஸ்டில் நம் ஆட்கள் எதில் தோற்கிறார்கள்? கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா என்றும் சொல்லுங்கள்.

குடமுருட்டிக்காரன்:

தமிழில் கிடையாது. முன்பு வேறு மொழிகளில் குரல் வசதி இருந்தது, 2014-இல் நிறுத்திவிட்டார்கள், மொழிபெயர்க்க ஆளும் கூட்டிப் போக முடியாது. உங்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை, நர்ஸ் வேலைக்கே ஆங்கிலப் பரீட்சை எழுதித்தானே வந்திருப்பீர்கள். 50 கேள்வி, 43 சரியாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலை விதிப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், கிளம்புவதற்கு முன்பே படிக்க ஆரம்பித்துவிடுங்கள். நிற்க எத்தனை அடி ஆகும் என்கிற கணக்குகளை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும், மற்றதெல்லாம் ஒழுங்காகப் படித்தால் வந்துவிடும்.

வீடியோ விஷயத்தில்தான் நம் டெல்டா ஆட்கள் கவிழ்கிறார்கள். 14 சின்ன வீடியோ காட்டுவார்கள், ஓட்டுநர் இருக்கையிலிருந்து ரோடு தெரியும். ஆபத்து ஒன்று உருவாக ஆரம்பித்ததும் மௌஸை அழுத்த வேண்டும், எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறோமோ அவ்வளவு மதிப்பெண், ஓர் ஆபத்துக்கு அதிகபட்சம் 5. ஒரு வீடியோவில் மட்டும் இரண்டு ஆபத்து வரும், அதனால் மொத்தம் 75, தேற 44 வேண்டும். நாம் ஓட்டிப் பழகிய ரோடு எது? திருவாரூர் ரோட்டில் வைக்கோலைப் பரப்பி வைத்திருப்பான், ஒரு பாதியில் நெல் காயும், எதிரில் லைட்டே இல்லாமல் டிராக்டர் டிரெய்லர் வரும், வாய்க்கால் மதகு மேல் நான்கு பேர் உட்கார்ந்து கதை பேசுவார்கள், ஆடு குறுக்கே வரும், பின்னாலிருந்து மினி பஸ்காரன் ஹாரனிலேயே நம்மைத் தள்ளிக்கொண்டு வருவான். இதையெல்லாம் ஒரே நேரத்தில் கவனித்த கண் அங்கே போய் அந்த வீடியோவைப் பார்த்தால் ஓரமாக நிற்கிற கார், தூரத்தில் சைக்கிள், கதவோரம் நிற்கிற பாட்டி என்று எல்லாமே ஆபத்தாகத் தெரியும், டக் டக் என்று அழுத்திக்கொண்டே இருப்போம். அளவுக்கு மீறி அழுத்தினாலோ தாளம் போட்ட மாதிரி அழுத்தினாலோ ஏமாற்றுகிறான் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து அந்த வீடியோவுக்கு முட்டை போட்டுவிடும். அவர்கள் கேட்பது, நாம் வேகத்தைக் குறைக்கவோ திரும்பவோ நிற்கவோ வேண்டிய நிலை எப்போது வருகிறது என்பதை மட்டும். நிற்கிற கார் ஆபத்து இல்லை, அது சிக்னல் போட்டு வெளியே வர ஆரம்பித்தால் ஆபத்து. பயிற்சி வீடியோ நிறையப் பார்த்தால் பிடிபட்டுவிடும். தியரியும் இதுவும் ஒரே நாளில், இரண்டிலும் தேற வேண்டும், ஒன்றில் போனாலும் இரண்டையும் மறுபடி எழுத வேண்டும். தேறினால் இரண்டு வருடத்துக்குச் செல்லும்.

ரோடு டெஸ்ட் ஏறக்குறைய 40 நிமிடம். முதலில் 20 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார்கள், கண்ணாடி தேவை என்றால் மறக்காதீர்கள். ஆர்டிஓ ஆபீஸில் எட்டுப் போட்டுவிட்டு வந்த மாதிரி இல்லை, நிஜ ரோட்டில், நிஜ நெரிசலில். சின்னத் தப்பு 15 வரை பொறுப்பார்கள், பெரிய தப்பு ஒன்று வந்தாலே முடிந்தது. நம் ஆட்களுக்கு வண்டியை அடக்குவதில் குறை இல்லை, பார்வையில்தான் போகிறது. மிரரைப் பார்த்தீர்கள் என்பது டெஸ்ட் எடுக்கிறவருக்குத் தெரிய வேண்டும், திரும்பும் முன் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். ரவுண்டானாவில் வலது பக்கமிருந்து வருகிறவனுக்கு வழி விட வேண்டும், நம் ஊரில் போல மூக்கை நுழைத்தவனுக்கு முதல் உரிமை கிடையாது. கிளைச் சாலையில் திரும்பும்போது அதைக் கடக்கக் காத்திருக்கிற ஆளுக்கு நிறுத்தி வழி விட வேண்டும், இது 2022 ஜனவரியிலிருந்து விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பத்து வருடம் ஓட்டியவர்களுக்கு இந்தப் பழக்கங்களை மாற்றுவதுதான் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைவிடக் கஷ்டம். எனவே ஓட்டத் தெரியும் என்று நேராக டெஸ்டுக்குப் போகாமல் அந்த ஊர் இன்ஸ்ட்ரக்டரிடம் கொஞ்ச நாளாவது போங்கள். மணிக்கு 30, 40 பவுண்ட் வலிக்கத்தான் செய்யும், ஆனால் ஒரு தடவை தோற்றுப் பல மாதம் காத்திருப்பதற்கு அது மேல்.

ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் லைசென்ஸும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் வரும். உங்களுக்குத்தான் ஆல்டோ கியர் பழக்கம் இருக்கிறதே, கியரிலேயே கொடுங்கள். இரண்டையும் ஓட்டலாம்.

தாராசுரம் டிரைவிங்:

கும்பகோணத்தில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன், வெளிநாடு போகிறவர்கள் நிறையப் பேர் கடைசி வாரத்தில் வந்து நிற்பார்கள், அதனால் இந்தப் பக்கத்து வேலையைச் சொல்கிறேன்.

அம்மா, முதலில் லைசென்ஸில் காலாவதித் தேதியைப் பாருங்கள். அது அங்கே இருக்கும்போது முடிந்தால் அந்த 12 மாதமும் அன்றோடு சரி. முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அடுத்தது டூவீலருக்கு ஒரு தேதி, காருக்கு ஒரு தேதி தனித்தனியாக இருக்கும், கார் தேதி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று சாரதி இணையதளத்தில் பாருங்கள். பழைய லைசென்ஸ்களில் சில ஆன்லைனில் ஏறாமலே கிடக்கும், உங்களுடையது 2018 என்பதால் இருக்கும்.

பெயர் விஷயம்: மாற்றாமல் போனால் தலை போகாது. புரொவிஷனல் பாஸ்போர்ட் பெயரில்தான் வரும். ஆனால் இன்சூரன்ஸ்காரன் இரண்டு அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இனிஷியலை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பிப்ரவரிக்கு நாள் இருக்கிறதே, பெயர் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ரொம்ப முக்கியம், லைசென்ஸில் பதிவாகியிருக்கும் போன் நம்பரை உயிரோடு வைத்திருங்கள், எது செய்தாலும் ஓடிபி அதற்குத்தான் போகும். போகிறவர்கள் எல்லாரும் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு அங்கிருந்து வாட்ஸ்ஆப்பில் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

இன்டர்நேஷனல் பெர்மிட் வேண்டும் என்றால் 1,000 ரூபாய், படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா நகல். ஒரு வருடம் செல்லும். யுகேவுக்குத் தேவை இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார், ஐரோப்பா பக்கம் சுற்றிப் பார்க்கும்போது வாடகைக்குக் கார் எடுக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இன்னொன்று. கிளம்பும் வரை ஊரில் ஹாரனைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். மன்னார்குடி கடைத்தெருவில் முடியாது, பைபாஸில் முயற்சி செய்யுங்கள்.

குடமுருட்டிக்காரன்:

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. அங்கே குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30-லிருந்து காலை 7 வரை ஹாரன் அடிப்பதே சட்டப்படி தப்பு.

அரசலாறு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தம்பி கனடா போகிறான், டொராண்டோ. அவனுக்கும் இதே கதைதானா? திருவிடைமருதூர், லைசென்ஸ் எடுத்து ஆறு வருடம் ஆகிறது.

ஸ்கார்பரோ சீதா அக்கா:

அரசலாறு, இங்கே வேறு மாதிரி. ஒன்டாரியோவில் குடியேறி 60 நாள் வரைதான் ஊர் லைசென்ஸ். அதற்குப் பிறகு ஜி1, ஜி2, ஜி என்று மூன்று படி, புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆனால் ஊரில் ஓட்டிய அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அனுபவம் காட்ட வேண்டும் என்றால் லைசென்ஸ் அட்டை மட்டும் போதாது, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலிருந்தோ தூதரகத்திலிருந்தோ சான்றுக் கடிதம் கேட்பார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் என்று நிரூபித்தால் எழுத்துத் தேர்வு முடிந்ததும் நேராகக் கடைசி ஜி ரோடு டெஸ்டுக்கே போகலாம். அதனால் தம்பி கிளம்புவதற்கு முன் ஆர்டிஓவில் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட் (லைசென்ஸ் விவரச் சான்று) வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், முதலில் வழங்கிய தேதி அதில் தெளிவாக இருக்க வேண்டும். புதுப்பித்த அட்டையில் புதுத் தேதி மட்டும் பெரிதாகத் தெரிந்தால் ஆறு வருடம் ஓட்டியவனும் இங்கே புதுப் பையன் ஆகிவிடுவான்.

எழுத்துத் தேர்வு தமிழிலும் உண்டு. இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 20 கேள்வி, 16 சரியாக இருக்கணும். என்னைக் கேட்டால் ஆங்கிலத்திலேயே எழுதட்டும், ரோட்டில் பலகை எல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கும். பனியில் ஓட்டுவது தனிக் கதை, அதற்கு ஊர் அனுபவம் எதுவும் உதவாது.

மன்னை மைந்தன்:

மச்சானிடம் கேட்டேன். ஒன்பதாவது மாசமாம். தியரிகூட எழுதவில்லையாம். 😐

குடமுருட்டிக்காரன்:

தியரியை இந்த வாரமே புக் பண்ணச் சொல்லுங்கள். ரோடு டெஸ்டுக்குத் தினமும் காலையில் இணையதளத்தைப் பார்க்கட்டும், யாராவது ரத்து செய்தால் அந்த இடம் காலியாகக் காட்டும். அதற்குள் கெடு முடிந்தால் காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகச் சொல்லுங்கள், வேறு வழி இல்லை.

முள்ளியாற்றுக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெயர் திருத்தத்துக்கு இன்று விண்ணப்பித்துவிட்டேன். இன்சூரன்ஸ் பற்றி மட்டும் இன்னும் ஒன்று. இந்திய லைசென்ஸோடு எடுத்தால் ரொம்ப அதிகமாமே, உண்மையா? கோடையில் அப்பா வந்து இரண்டு மாதம் இருப்பார், அவருக்கு 67. அவரும் அங்கே ஓட்ட முடியுமா? வீட்டில் சும்மா உட்கார மாட்டார்.

குடமுருட்டிக்காரன்:

இன்சூரன்ஸ் அதிகம்தான், முதல் வருடம் காரின் விலையில் பாதி வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். சின்ன இன்ஜின், பழைய வண்டி பாருங்கள். விண்ணப்பத்தில் வெளிநாட்டு லைசென்ஸ் என்றே போடுங்கள், குறையும் என்று நினைத்துப் பிரிட்டிஷ் லைசென்ஸ் என்று தட்டிவிட்டால் விபத்து நேரத்தில் ஒரு பைசா தர மாட்டார்கள். லைசென்ஸ் எடுத்ததும் அவர்களுக்குச் சொல்லுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். லைசென்ஸ் வந்த முதல் இரண்டு வருடத்தில் 6 பாயிண்ட் சேர்ந்தால் அது ரத்தாகிவிடும், முதலிலிருந்து எழுத வேண்டும். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தாலே 200 பவுண்டும் 6 பாயிண்டும், அதாவது ஒரே ஒரு போன் காலில் எல்லாம் போச்சு.

அப்பா விசிட்டில் வந்தாலும் அவருடைய இந்திய லைசென்ஸில் ஓட்டலாம், அது செல்லுபடியில் இருக்க வேண்டும். அந்த வயதில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருப்பார், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாலிசியில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும், அல்லது அந்த நாட்களுக்கு மட்டும் தற்காலிக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அவர் வயதுக்கும் வெளிநாட்டு லைசென்ஸுக்கும் எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது, டிக்கெட் போடும்போதே நாலு இடத்தில் விசாரித்துவிடுங்கள்.

தாராசுரம் டிரைவிங்:

அப்பா லைசென்ஸ் தேதி முடிந்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி டெஸ்ட் கேட்பார்கள் அம்மா. இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.